நடக்க விட்ட இடம்

என் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் அட்டையைச் செருகி வைத்திருக்கிறேன். ஷூ கம்பெனிகளில் அளவு வெட்டுவதற்கென்று வாங்கும் பழுப்பு நிறக் கெட்டி அட்டை. ஒரே அளவில் வெட்டிய இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் தோல் வார் கொடுத்துத் தைத்திருக்கிறது. புத்தகம்போல மடிக்கலாம். மேல் முனையில் ஆணியில் மாட்ட ஓர் ஓட்டை. வீட்டு வேலைக்கு வருகிற பெண்மணி ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டைச் சுத்தம் செய்யும்போது, "இத்த போட்டுடலாமா?" என்று கேட்பார். வேண்டாம் என்பேன். எதற்கு என்று கேட்டால்தான் சங்கடம். தோட்டம் போட அப்பா வெட்டிய அட்டை என்றால் யாருக்குப் புரியும்? தோட்டத்துக்கு மண்வெட்டி வேண்டும், விதை வேண்டும், தண்ணீர் வேண்டும். அட்டையும் வேண்டும் என்று நினைத்த மனிதர், எனக்குத் தெரிந்து, என் அப்பா ஒருவர்தான்.

அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தார். தோலை மேசைமேல் விரித்து, அதன்மேல் அளவு அட்டைகளை அடுக்கிக் கத்தியால் வெட்டுவதுதான் வேலை. கேட்க எளிதாக இருக்கும். ஒரு தோலைப் போல இன்னொரு தோல் இருக்காது. மாடு முள்வேலியில் உரசிய கீறல் இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும், சூடு வைத்த தழும்பு இருக்கும். அதையெல்லாம் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து வெள்ளி நிற மைப் பேனாவால் வட்டம் போட வேண்டும். பிறகு அந்த வட்டங்களை விட்டுவிட்டு, அட்டையோடு அட்டை ஒட்டும்படி, நடுவில் ஒரு விரல்கூட வீணாகாமல் அடுக்க வேண்டும். முதுகுத் தோல் உறுதியானது. ஷூவின் முன்பக்கத்துக்கு அது. வயிற்றுத் தோல் இழுத்தால் நீளும். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அது. அப்பாவின் மேசைக்குக் கீழே விழும் துண்டுகளில் ஒரு சாவிக்கொத்துப் பட்டைகூடத் தேறாது என்று சொல்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டில் தோசை சுடும்போதும், மாவு கல்லின் ஓரம்வரை போகவில்லையே என்று எட்டிப் பார்க்கிற ஆள்.

அம்மா நர்ஸ். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சவுதிக்குப் போனாள். அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் சபையிலேயே பல வீடுகளில் அம்மா வெளிநாட்டிலும் அப்பா கரண்டியோடு சமையற்கட்டிலும் இருந்தார்கள். அதனால் என்னைப் பார்த்து யாரும் பரிதாபப்படவில்லை. அது ஒருவிதத்தில் நல்லது, ஒருவிதத்தில் கஷ்டம். எங்களிடம் போன் இல்லை. பக்கத்து வீட்டு ஆப்பாவுக்குத்தான் அம்மா வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வாள். ஆப்பா என்றால் உருதுவில் அக்கா. அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஆப்பாதான். கூடத்தில் மர ஸ்டூல்மேல், துணி போர்த்தி வைத்த போன். முதலில் நான் பேசுவேன், பிறகு அப்பா. எனக்குச் சொல்ல ஆயிரம் விஷயம் இருக்கும். போனைக் கையில் வாங்கியதும் ஒன்றுகூட நினைவுக்கு வராது. "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் எல்லாம் நினைவுக்கு வரும்.

ஒருமுறை அம்மாவிடம் நான் அப்படிக் கேட்டபோது அவள் சொன்னாள். "இன்னாத்த சாப்ட்றது பாப்பா. இங்க எல்லாம் ஐஸ்ல வெச்ச காய்தான். முள்ளு கத்திரிக்காய கையால பறிச்சு, அந்தச் சூட்டோட கொழம்புல போட்டாத்தான் எனக்குச் சாப்ட்ட மாதிரி இருக்கும்." அம்மாவின் ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம். அந்தப் பகுதிக் கத்தரிக்காயின் காம்பிலும் குல்லாயிலும் முள் இருக்கும். சமைத்தால் வெண்ணெய்தான். நான் அந்தப் பேச்சை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்தேன். அவர் எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றார். அம்மாவின் முதல் அக்ரிமெண்ட் அந்தக் கிறிஸ்துமஸோடு முடிகிறது. லீவில் வருவாள். வந்தபின் திரும்பிப் போவாளா, இங்கேயே இருப்பாளா என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கேள்வி. அதை அவளிடம் கேட்க அப்பாவுக்குத் துணிவில்லை. போகாதே என்று சொல்லவும் தெரியாது. ஆப்பாவிடம் மட்டும் ஒருநாள் சொன்னார். "பின்னாடி காய் போடப் போறேன் ஆப்பா. அத்தப் பாத்தா அவளுக்குப் போவ மனசு வராது."

பின்பக்கம் என்பது கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த வெறும் தரை. அந்த மனை மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் பக்கத்து மண்ணில் உப்பு. கிணற்றில் உப்பு. தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் தோலை நாறாமல் வைக்க உப்பு, உப்பைக் கழுவத் தண்ணீர், அந்தத் தண்ணீர் போய்ச் சேர மண் என்று எத்தனையோ வருஷமாக நடந்த கதை. அந்த உப்பில்தான் எங்கள் தெருவில் எல்லோரும் சோறு தின்றோம், ஆகவே யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசியதில்லை. அப்பா ஒரு சனிக்கிழமை மாலை தரை முழுக்கத் தண்ணீர் தெளித்தார். மறுநாள் நாங்கள் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது, வெயிலில் தரை காய்ந்து, அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பா வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போய், ஒவ்வொரு வெள்ளைத் திட்டையும் சுற்றி வட்டம் போட்டார். "இது உண்ணிக்கடி. இது கீறல். இத்தயெல்லாம் உட்டுடணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் பின்னாலேயே சாம்பல் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். நடுவில் கிழக்கு மேற்காக ஒரு பட்டை மட்டும் பூக்காமல் கறுப்பாக இருந்தது. அப்பா அங்கே உட்கார்ந்து உள்ளங்கையால் மண்ணைத் தடவினார். "இதான் முதுகு. இதுல அம்மாவோட கத்திரி" என்றார்.

அடுத்த வாரம் கம்பெனியில் கிழிந்துபோன பெரிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அவற்றைப் பிரித்துப் பாத்தி பாத்தியாக வெட்டினார். வெண்டைக்கு ஒன்று, தக்காளிக்கு ஒன்று, கீரைக்கு ஓரம் வளைந்த ஒன்று. தரையில் பரப்பிவிட்டு எட்டி நின்று பார்ப்பார். இதை இங்கே திருப்புவார், அதை அங்கே நகர்த்துவார். கொத்தவரைப் பாத்தியின் வளைவு கீரைப் பாத்தியின் வளைவில் சரியாகப் போய் உட்கார்ந்தபோது அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் பிறகு அதிகம் பார்த்ததில்லை. சாம்பல் வட்டங்களைத் தவிர ஒரு சாண் தரை மிச்சமில்லை. ஆப்பா மதிலுக்கு மேலே முகத்தை நீட்டி எல்லாவற்றையும் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது தம்பி. கால் வெக்க எடம் எங்க உட்டீங்க?"

"எடம் வேஸ்ட் ஆவுமே ஆப்பா."

"ஆவட்டுமே. உள்ள பூந்து காய் பறிக்க வாணாமா? தோலு அப்டியே கெடக்கும். செடி ஜாஸ்தியா வளரும்."

அப்பா சிரித்துக்கொண்டார். இருபது வருஷமாக வீணாக்காமல் வெட்டிய கைக்கு இதெல்லாம் ஏறுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் ஆப்பா, "இன்னா மனுசனோ" என்று சொல்லிக்கொண்டே போனது எங்களுக்குக் கேட்டது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒடுகத்தூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறிக் கத்தரி நாற்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். நட்டாயிற்று. இனித் தண்ணீர். கிணற்று நீரை ஊற்றினால் இலை ஓரம் கருகியது. குழாய்த் தண்ணீர் வருகிற நாளில்தான் செடிக்கும் நல்ல நாள். மற்ற நாட்களில் அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், என் பள்ளித் தண்ணீர் பாட்டிலில் மீந்தது எல்லாம் கத்தரிக்குத்தான். அப்பா தான் குளிக்கிற தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். அதோடு நிற்காமல் என் குளியலிலும் ஒரு சொம்பைக் குறைத்தார். அதற்கு நான் அழுது சண்டை போட்டேன். வேலை முடிந்து வந்ததும் சட்டையில் தோல் வாசனையோடு அப்படியே பின்பக்கம் போவார். மழை அந்த வருஷம் நன்றாகப் பெய்து உப்பைக் கொஞ்சம் கீழே தள்ளியது. செடிகள் கிளம்பின.

கிளம்பின என்றால், ஆப்பா சொன்னபடியே கிளம்பின. வெண்டை தக்காளிமேல் சாய்ந்தது. தக்காளி கீரையில் படுத்தது. கொத்தவரைக்கும் கத்தரிக்கும் நடுவே காற்றுகூட நுழையாது. கார்த்திகை முடியும்போது தோட்டம் பச்சையாக அடைத்த ஒரு பெட்டியாகிவிட்டது. ஓரத்தில் உள்ளதைப் பறிக்கலாம். உள்ளே போக வழியில்லை. அப்பா தோல் பதனிடும் தொட்டியிலிருந்து கழித்த பழைய பலகை ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, பாலம் மாதிரிப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக் களை பிடுங்கினார். ஆப்பா தன் மருமகள்களைக் கூட்டிவந்து மதிலோரம் நின்று பார்த்தார். மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா படுத்தபடியே, "சிரிச்சிட்டுப் போங்க ஆப்பா" என்றார். நடுவில், முதுகுப் பட்டையில், முள்கத்தரி காய்த்துத் தொங்கியது. பெரிசானதைக்கூட அவர் பறிக்க விடவில்லை. முதல் காயை அம்மாதான் பறிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அம்மா வந்தாள். மெலிந்திருந்தாள், வெளுத்திருந்தாள், வேறு சோப்பு வாசனை அடித்தது. நான் அவள் பக்கத்தில் போகக் கூச்சப்பட்டு அப்பாவின் பின்னால் நின்றேன். பெட்டியைத் திறக்கக்கூட விடாமல் அப்பா அவளைப் பின்பக்கம் அழைத்துப்போனார். அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பாத்தி ஓரம்வரை போய் நின்றுவிட்டாள்.

"எங்க நடக்கறது?" என்றாள்.

அப்பா பலகையைக் காட்டினார். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். பலகை ஆடியது. இரண்டடி வைத்ததும் சாய்ந்து, அப்பா தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். சிரித்தாள். "பரவால்ல, நீங்களே பறிச்சுக் குடுங்க" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்பாவின் முகம் விழுந்துபோனது. எத்தனையோ மாதமாக அவர் மனசில் ஓடிய படத்தில் அம்மா தானே நடந்து போய்த் தன் கையால் பறிக்கிறாள். அந்தப் படத்தில் அவள் கால் எங்கே இருந்தது என்று மட்டும் அவர் பார்க்கவில்லை.

அப்பா குனிந்தார். முதல் வெண்டைச் செடியைத் தூரோடு பிடுங்கினார். காயும் பூவுமாக இருந்த செடி. "ஐயோ, இன்னாங்க பண்றீங்க?" என்று அம்மா கையைப் பிடித்தாள். அவர் நிறுத்தவில்லை. அடுத்தது, அதற்கு அடுத்தது. வெண்டை வரிசை முழுதும் போனது. பிறகு தக்காளியில் பாதி. கொத்தவரையில் ஒரு பக்கம். ஒரு விரல் தோல் வீணானால் அன்றைக்குச் சோறு இறங்காத மனிதர், பிடுங்கியதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மதிலோரம் எறிந்தார். மதிலுக்கு மேலே ஆப்பாவின் முகம் தெரிந்தது. இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை. வாசற்படியிலிருந்து கத்தரிப் பட்டைவரை நேராக வழி பிறந்ததும் அப்பா கையை உதறிக்கொண்டு ஒதுங்கி நின்றார். அம்மா நடந்து போனாள்.

நான் கூடையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். அப்பா பின்னால் வந்தார். அம்மா முதல் காயைப் பறித்தாள். முள் குத்தி விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது காயைப் பறிக்கும்போது, செடியைப் பார்த்தபடியே சொன்னாள். "அங்கயே கையெழுத்துப் போட்டுட்டுத்தாங்க வந்தேன். இன்னும் ரெண்டு வருஷம். பாப்பா படிப்பு இருக்குது, வீடு பாதியில நிக்குது." கூடையில் இரண்டு கத்தரிக்காய் கிடந்தன. எனக்குப் புரிந்துவிட்டது. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் போகாதே என்று சொல்லட்டும் என்று எவ்வளவு வேண்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். அப்பா கூடையை எட்டிப் பார்த்தார். "காம்ப நீளமா உட்டுப் பறி. வாடாம இருக்கும்" என்றார்.

அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. அம்மா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே அப்பாவும் சாப்பிட்டார். லீவு முடிந்து அவள் போனாள்.

அடுத்த ஆடியில் அப்பா மறுபடி சாம்பலும் அட்டையுமாகக் கிளம்பினார். இந்த முறை முதலில் தரையில் வைத்தது அட்டைப்பெட்டியில் வெட்டியது அல்ல. கம்பெனியில் சொல்லி வாங்கிவந்த நல்ல அட்டை. இரண்டு துண்டு வெட்டி, நடுவில் வார் வைத்துத் தானே ஊசி போட்டுத் தைத்திருந்தார். வாசற்படியில் தொடங்கி, அதை வைப்பார், இரண்டு பக்கமும் சாம்பல் கோடு போடுவார், எடுத்து முன்னால் வைப்பார். அதுதான் வழி. அதற்குப் பிறகுதான் பாத்திகளுக்கு இடம். ஒரு ஆள் நடக்க அதில் பாதி போதும். ஆப்பா விடுவாரா? "இன்னா தம்பி, போன வாட்டி ஒண்ணுமே உடல, இந்த வாட்டி லாரி ஓட்டப் போறீங்களா? எவ்ளோ கத்திரி வெக்கலாம் அதுல" என்றார். அப்பா, "இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். நான் அப்போது அதை அவருடைய பிடிவாதத்தில் சேர்த்தேன். இரண்டு துண்டுகளை ஏன் தைத்தார் என்று புரிய எனக்கு வயதாக வேண்டியிருந்தது.

அந்த இரண்டு வருஷம் இன்னும் பல வருஷமானது. ஒவ்வொரு ஆடியிலும் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து வழி போடுவார், வேலை முடிந்ததும் துடைத்து, மடித்து மாட்டிவிடுவார். அம்மா லீவில் வரும்போது அங்கே வழி இருக்கும், அட்டை இருக்காது. அவள் இல்லாத வருஷங்களிலும் அதில் ஒரு கீரை விதைகூட விழ விட்டதில்லை. தானாக முளைத்த தக்காளியைப் பிடுங்கி ஓரத்தில் நடுவார். மாலையில் நான் பாடம் படிக்கும்போது ஜன்னல் வழியே பார்ப்பேன். வழியின் வலது பக்கமாகவே நடந்து போவார், வலது பக்கமாகவே திரும்பி வருவார்.

நான் கல்லூரி முடிக்கும் சமயத்தில் அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்தாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அதற்குள் மழை குறைந்து, உப்பு மேலே ஏறி, சாம்பல் வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. முதலில் தக்காளி போனது. பிறகு கொத்தவரை. முதுகுப் பட்டையில் சில கத்தரிச் செடிகள் மட்டும், காய் சிறுத்து, பிடிவாதமாக நின்றன. தோட்டம் இல்லை, வழி மட்டும் அப்படியே இருந்தது. மாலையில் இருவரும் அதில் நடப்பார்கள். அப்பா வலது பக்கம், அம்மா இடது பக்கம். பறிக்க ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போய், நின்று, பேசிவிட்டுத் திரும்புவார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தனை வருஷப் பேச்சு பாக்கி இருந்திருக்கும். எனக்கு அந்த மாலைகள் வேண்டும் போலிருக்கிறது. மறுபடி ஒரே ஒரு மாலை கிடைத்தால், நான் படிப்பதுபோல் நடிக்காமல் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். சில வருஷங்கள்தான் அப்படி நடந்தார்கள். அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். வீட்டை விற்றோம். அட்டைப்பெட்டிப் பாத்திகளையெல்லாம் கரையான் தின்றிருந்தது. ஆணியில் மாட்டியிருந்ததால் இது மட்டும் தப்பியது. துணிமூட்டையோடு கட்டி எடுத்துவந்தேன்.

இப்போது வேலூரில், மாடி வீட்டில், அம்மாவும் என்னோடு இருக்கிறாள். முழங்கால் வலி அவளுக்கு. இந்த ஆடியில் மொட்டை மாடியில் கத்தரி வைக்கலாம் என்று மண் பைகள் வாங்கினேன். மாமா மகன் நாற்று கொண்டுவந்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் பைகளை நெருக்கி அடுக்கிவிட்டு, ஒரு சாண் வீணாகவில்லை என்ற திருப்தியில் அம்மாவைக் கைப்பிடித்து ஏற்றி வந்து காட்டினேன். அவள் பார்த்தாள்.

"எங்க நடக்கறது?" என்றாள்.

நான் கீழே போய் அட்டையை எடுத்துவந்தேன். பைகளை ஒதுக்கி, அதைத் தரையில் விரித்தேன். "இது இன்னா?" என்று அம்மா கேட்டாள். அப்போதுதான் இதை விரித்த நிலையில் அவள் பார்த்ததே இல்லை என்பது எனக்கு உறைத்தது. சொன்னேன். ஒவ்வொரு ஆடியிலும் அப்பா இதை வைத்துத்தான் வழி போட்டார் என்றும், அதில் கத்தரி வைக்கலாமே என்று ஆப்பா சொன்னபோதும் கேட்கவில்லை என்றும் சொன்னேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, நடுவில் ஓடிய தையலை விரலால் தடவினாள். பிறகு மெதுவாக நிமிர்ந்து அட்டைமேல் ஏறி நின்றாள். தையலுக்கு இடது பக்கம், ஓரமாக, ஒடுங்கி நின்றாள்.

"நகந்து நடுவுல நில்லும்மா. எடம் இருக்குதே" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா.